340-க்கும் 341-க்கும் நடுவே

தூசி என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. அண்ணன் விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்து, அண்ணியும் கூப்பிட்டு, கடைசியில் பலகை கொண்டுவந்து இறக்குகிறவர்கள் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. நாள் முழுக்க பிளைவுட் அறுக்கிற மெஷின் பக்கத்தில் நிற்கிறவள் புருவத்தில் மரப்பொடி இல்லாவிட்டால்தான் அதிசயம். அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. "தூசி கிளம்பாம எந்த வேலை நடந்திருக்கு?" என்று திருப்பிக் கேட்பாள்.

ஸ்டூடியோ என்று பலகை மாட்டியிருந்தார்களே தவிர, அது ஒரு பழைய கிடங்கு. முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் அண்ணியின் மேஜை, பின்பக்கம் மெஷின், நடுவே மூன்று பேருக்குமான சாப்பாட்டு மேஜை. அண்ணி பென்சில் பிடித்து வரைகிற ஆள் இல்லை. இந்த அறையில் சத்தம் அடங்க வேண்டும், ஜன்னல் வெளிச்சம் மறையக் கூடாது, மரம் குறைவாகச் செலவாக வேண்டும் என்று நிபந்தனைகளை மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பாள். அது ஆயிரக்கணக்கில் வடிவங்களைப் போட்டுப் பார்த்து, ஆகாததைத் தள்ளி, ஆகிறதை இன்னும் சரி செய்து முன்னால் வைக்கும். அதில் ஒன்றை அண்ணி பொறுக்கி எடுத்து, துண்டு துண்டாக நம்பர் போட்டு மெஷினுக்கு அனுப்புவாள். தூசி அறுப்பாள். அண்ணன் கொண்டுபோய்ப் பொருத்துவான்.

மேஜை, அலமாரி, கடைத் தடுப்பு என்று நாலு வருடம் ஓட்டியவர்களுக்கு முதல் முறையாக ஒரு பொது இடம் கிடைத்திருந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கான கூடம். போய்ப் பார்த்த அன்றே தூசிக்குத் தலை வலித்தது. கான்கிரீட் கூரை, பளபளக்கிற தரை, ஒரு குழந்தை அழுதால் பத்துக் குழந்தை அழுகிற எதிரொலி. நர்ஸ் தொண்டை கிழியப் பெயர் கூப்பிட்டும் பாதிப் பேர் காதில் விழவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே தொங்கவிடத்தான் இந்த மரவேலை. ஒரு சாண் உயரப் பட்டைகள், முதுகில் கனத்த கம்பளி ஒட்டி, ஒன்றோடொன்று கோத்து, ஜன்னல் பக்கம் தொடங்கிக் கதவுப் பக்கம் வரை நெளிந்து போகும் இருபது வரிசைகள். மொத்தம் அறுநூற்று எண்பது பட்டை. ஒன்றின் அச்சில் இன்னொன்று கிடையாது.

தலைமை டாக்டர் கறாரான அம்மாள். "வெள்ளிக்கிழமை காலையில வந்து பார்ப்பேன். எனக்குத் திருப்தி இல்லேன்னா சாதா சீலிங் டைல்ஸ் போட்டுடுவோம். திங்கக்கிழமை கூடத்தைத் திறந்தாகணும்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. டைல்ஸ் பெட்டிகள் ஏற்கெனவே வராந்தாவில் வந்து அடுக்கியாகிவிட்டன. அவற்றின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டைல்ஸ் மேஸ்திரி, இவர்கள் போகும்போதும் வரும்போதும், "எனக்கு ரெண்டு நாள் போதும், ஒண்ணும் அவசரமில்லை" என்று அன்பாகச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் பக்கத்துப் பாதி, முந்நூற்று நாற்பது பட்டைகள், முந்தைய வாரமே ஏறிவிட்டது. திங்கட்கிழமை காலை அண்ணன் சாரத்தின் மேல் நின்று முந்நூற்று நாற்பத்தொன்றை வாங்கினான். முந்நூற்று நாற்பதோடு கோர்க்கப் பார்த்தான். சேரவில்லை. நாலு விரல்கடை தள்ளி நின்றது.

"தூசி, நம்பர் மாத்திக் குடுத்துட்டியா?"

"அதே நம்பர்தான். நல்லாப் பாரு."

அடுத்த வரிசையில் மூன்று விரல் தள்ளியிருந்தது. அதற்கடுத்ததில் ஐந்து. இருபது வரிசையில் ஒன்றுகூடக் கை கொடுக்கவில்லை. அண்ணி தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்து இருந்தது. ஒரு மணி நேரம் அதையே மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்" என்றாள்.

எங்கே கோட்டை விடப்பட்டது என்று, இருபது வரிசையும் சேராதபோதே தூசிக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், முதல் பாதி அறுத்து முடித்த அன்று, ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன் போன் செய்திருந்தார். ஒரு குழாய் குறுக்கே வருகிறது, கதவுப் பக்கம் ஒரே ஒரு விளக்கை ஒரு சாண் நகர்த்த முடியுமா என்றார். அண்ணி விமானத்தில் இருந்தாள். அறுக்க ஆரம்பித்துவிட்டால் கடைசித் துண்டு விழும்வரை புரோகிராமை யாரும் தொடக் கூடாது என்பது ஸ்டூடியோவில் எழுதாத சட்டம். தூசிக்கும் அது தெரியும். ஆனால் மூன்று வருடமாக அண்ணியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் அவள். விளக்கோ இன்னும் அறுக்காத பாதியில் இருக்கிறது. ஒரு வட்டத்தைப் பிடித்து நகர்த்துவதில் என்ன வந்துவிடப் போகிறது? நகர்த்தினாள். திரை ஒரு தரம் சிமிட்டியது, பழையபடியே நின்றது. அண்ணி வந்ததும் சொல்லிப் பெயர் வாங்கலாம் என்று நினைத்து, மீதியை அறுக்கிற மும்முரத்தில் மறந்தே போனாள்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. விளக்கு நகர்ந்தால் வெளிச்சம் நகரும், வெளிச்சம் நகர்ந்தால் பட்டைகள் நகர வேண்டும், அதனால் அது எல்லா நிபந்தனைகளையும் முதலிலிருந்து யோசித்து, மொத்தக் கூரையையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிவிட்டது. முதல் பாதியையும் சேர்த்துத்தான். அந்தப் பாதி ஏற்கெனவே மரமாகி வண்டி ஏறிவிட்டது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

"அண்ணி, நீங்க இல்லை. நான்தான்" என்று தொடங்கி, தூசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அண்ணி லேப்டாப்பை மூடினாள். "யாரைக் கேட்டுத் தொட்டே?"

தூசி தரையில் கிடந்த பட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

"ஒரு மணி நேரமா என்னையே நான் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துலயே நின்னுக்கிட்டு இப்பதான் உனக்கு வாய் வருதா?"

"பயமா இருந்தது."

"எனக்கும்தான் இப்ப பயமா இருக்கு" என்று எழுந்து வெளியே போனாள் அண்ணி. வராந்தாவில் இரண்டு சுற்று நடந்தாள். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீயில் கவனமானார். உள்ளே அண்ணன் தங்கையைத் திட்டவும் முடியாமல் தேற்றவும் முடியாமல் சாரத்தின் திருகாணிகளைத் தேவையில்லாமல் முடுக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி திரும்பி வந்தபோது கோபம் தீரவில்லை, ஆனால் கை வேலைக்கு வந்திருந்தது. "எத்தனை பலகை மிச்சம்?"

"மூணு" என்றாள் தூசி. அந்த ரகப் பலகை அடுத்த மாதம்தான் வரும். பாதியைத் திரும்ப அறுக்க நாற்பது வேண்டும்.

"ரெண்டு பாதியையும் தொடாம, நடுவுல மட்டும் ஒரு இணைப்புத் துண்டு போட்டுச் சேர்க்க வழி தேடச் சொல்லிப் பார்க்கறேன்."

ஸ்டூடியோவுக்குத் திரும்பி அதைத்தான் செய்தார்கள். கம்ப்யூட்டர் இருபது நிமிடம் யோசித்தது. வழி இல்லை என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. இன்னும் இரண்டு தரம் கேட்டார்கள், அதே பதில். தூசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போட்டுப் பார்த்துக் கைவிட்ட துண்டுகள் எல்லாமே விறைப்பாக, நேர்கோட்டில் இருந்தன.

"அண்ணி, மரம் வளையும்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொன்னதில்லையே. பலகைன்னா தட்டையா இருக்கும்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

"எவ்வளவு வளையும்னு நான் சொன்னா எழுதுவீங்களா?"

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "குத்துமதிப்பா சொன்னா எழுத மாட்டேன். மில்லிமீட்டர்ல சொல்லு."

செவ்வாய்க்கிழமை முழுக்க தூசி மெஷினை விட்டு நகரவில்லை. பட்டையின் ஒரு முகத்தில் நெருக்க நெருக்கமாகக் கீறல் போட்டால் அது வளைந்து கொடுக்கும் என்பது மரவேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எத்தனை ஆழம், எத்தனை நெருக்கம் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. ஆழம் குறைந்தால் முறைத்துக்கொண்டு நின்றது, கூடினால் படக்கென்று ஒடிந்தது. கழிவுத் துண்டுகளாக எடுத்து அறுத்தாள், வளைத்தாள், ஒடித்தாள். பதினொன்று ஒடிந்து குப்பைக்குப் போயின. அண்ணன் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து மெஷின் மேலேயே வைத்து, ஒடிந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான். பன்னிரண்டாவது துண்டு வளைந்தது. விட்டால் நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. வளைத்த நிலையில் கீறல்களுக்குள் பசை இறக்கிக் காயவிட்டாள். காய்ந்த பிறகு அதன் மேல் ஏறியே நின்றாள்.

"முக்கால் பங்கு ஆழம், ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு கீறல்" என்று அண்ணியிடம் போய் நின்றாள். முகமெல்லாம் பொடி, பல் மட்டும் தெரிந்தது.

அண்ணி அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தூசி சொன்ன கணக்கை நிபந்தனையாக எழுதினாள். இந்த முறை சிவப்பு எழுத்து வரவில்லை. வழி இருக்கிறது என்று நூறு வடிவங்கள் வந்து விழுந்தன. "நீயே எடு" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள் அண்ணி. தூசி அதில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இருபது வரிசையும் நடுக்கூடத்தில் ஒரே பக்கம் சாய்ந்து மெல்லத் திரும்புகிற ஒன்றை எடுத்தாள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் இருபது இணைப்புப் பட்டைகளும் அறுத்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய், சாயங்காலம் மேலே ஏறின. பசை காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டி, வியாழக்கிழமை பூராவும் தொங்கவிட்டார்கள். ஒரு பட்டைகூட அசையவில்லை. கதவுப் பக்கத்துப் பாதியையும் அண்ணன் அன்றிரவுக்குள் ஏற்றி முடித்தான்.

வெள்ளிக்கிழமை தலைமை டாக்டர் வந்தார். கழுத்து வலிக்குமோ என்கிற அளவுக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே கூடத்தின் நடுவுக்கு வந்து நின்றார்.

"இங்க எல்லாம் சேர்ந்து சாய்ஞ்சு திரும்பறது ரொம்ப நல்லா இருக்கு. இதை எப்படி யோசிச்சீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தான். காற்று, அலை, இயற்கை என்று அவன் ஏதோ அளக்கப் போகிறான் என்று தூசிக்குத் தெரியும். அவன் அளந்தால் டாக்டர் நம்பிவிடுவார், கூரையும் நிலைத்துவிடும். ஆனால் அந்த இருபது பட்டைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பொய் சொல்லி வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

"யோசிச்சு வெச்சது இல்லைங்க" என்றாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு பாதியும் சேரலை. அதைச் சேர்க்கத்தான் இது."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது.

"அப்ப இது ஒட்டுப் போட்ட வேலையா? கீழ உக்காரப் போறது குழந்தைங்கம்மா."

கூடத்தின் மறுகோடியில், கதவருகே நின்றிருந்த மேஸ்திரி நிமிர்ந்து நின்றார்.

"ஒட்டுத்தான்" என்றாள் தூசி. "ஒரு பட்டை ஒரு கிலோகூட இருக்காது. ஒவ்வொண்ணுலயும் இருபது லிட்டர் தண்ணி கட்டி ஒரு நாள் தொங்கவிட்டோம். எத்தனை ஆழத்துல ஒடியும், எத்தனைல தாங்கும்னு பதினோரு தரம் ஒடிச்சுப் பார்த்துதான் அறுத்திருக்கேன்."

டாக்டர் அவளிடமிருந்து அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே டிசைனர்? நீங்க சொல்லுங்க."

"மத்த பட்டைங்க கம்ப்யூட்டர் சரின்னு சொன்னது" என்றாள் அண்ணி. "இந்த இருபதையும் கம்ப்யூட்டர் முடியாதுன்னு சொல்லிடுச்சு. என் நாத்தனார்தான் முடியும்னு சொல்லிக் குடுத்தா. இதுக்கு டிசைனர் அவதான்."

சொல்லிவிட்டு, சுவரோரம் கிடந்த பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து அவளே இழுத்துவந்தாள். நேராக அந்த இருபது பட்டைகளுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம்விட்டு, "வா, உக்காரு" என்று தூசியைக் கூப்பிட்டாள். தூசி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. மரப்பொடி என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, அன்றைக்குப் பார்த்து நன்றாக முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் இன்னொரு முறை மேலே பார்த்தார். பிறகு வந்து தூசியின் மறுபக்கம் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில், "மேஸ்திரி, டைல்ஸை வண்டியில ஏத்திடுங்க" என்றார்.

"சரிங்கம்மா" என்று மறுகோடியிலிருந்து பதில் வந்தது. அவரும் குரலை உயர்த்தவில்லை. அத்தனை பெரிய கூடத்தில் அந்த ஒரு வார்த்தை துலக்கமாக வந்து சேர்ந்ததை தூசி காது குளிரக் கேட்டாள்.