காபிமேல் போட்ட பழி

1

இந்தக் கதை பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உடல்நல இதழ் ஒன்றின் ஆசிரியர் அம்மா என்னிடம் கேட்டது கட்டுரை. காபி குடித்தால் ரத்த அழுத்தம் ஏறுமா என்று எளிய தமிழில், முடிவில் ஓர் அறிவுரையோடு. எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே கிரேன் ஓட்டும் பெண் ஒருத்தி உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டாள். கிளப்பிப் பார்த்தேன், அசையவில்லை. கட்டுரை கைவிட்டுப் போயிற்று. ஆசிரியர் அம்மா கோபித்துக்கொள்ளட்டும்.

2

காலை வெயிலில் கிரேனின் நெடிய நிழல் ஒரு—

(வேண்டாம். நிழலில் தொடங்கிய கதைகள் போதும்.)

கட்டட வேலை நடக்கும் இடத்தில் உயரமான கிரேன் ஓட்டுகிறவள் அவள். ஏணியில் ஏறி உச்சியிலுள்ள கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவாள். கீழே இருப்பவர்கள் ‘மேலக்கா’ என்று கூப்பிடுவார்கள். கம்பிக்கட்டை அந்தரத்தில் தூக்கி, நூல் பிசகாமல் இறக்கி வைப்பாள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்க். அதில் சர்க்கரை போடாத காபி.

கம்பெனியின் வருடாந்திர மருத்துவச் சோதனை வந்தது. அன்றும் காபியைக் குடித்துவிட்டு, நேரமாகிவிட்டதே என்று மாடிப்படியில் ஓட்டமாக ஏறிப் போய்க் கையை நீட்டினாள். கருவி நூற்றைம்பதைத் தாண்டி நின்றது.

“காபி குடிப்பீங்களா?” என்றார் கம்பெனி டாக்டர்.

“குடிப்பேன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“எண்ணினதில்ல.”

“அதான். விட்டுடுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் கிரேன்ல ஏற வேண்டாம்.”

(டாக்டரை வில்லனாக்கியும் ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். மேலே ஒருத்தி மயங்கினால் கீழே நிற்பவன் தலையில் இரும்பு விழும். அவர் பயம் நியாயமானது.)

3

கிடங்கில் உட்கார்ந்து போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். வீட்டில் அவள் கணவன், ஃப்ரிட்ஜ் மெக்கானிக், காபித்தூள் டப்பாவைத் தன் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

“என்னங்க, நான் என்ன திருடியா?”

“உன்ன நம்புறேன். உன் நாக்கத்தான் நம்பல.”

காபி நின்ற முதல் சில நாள் தலை பிளந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட் பிரித்தாள். தலைக்கு வந்தது காபியோடு போகும் என்று வீடே நம்பியது.* அவளும் நம்பினாள். அவளுடைய அம்மாவுக்கும் இதே அழுத்தம் இருந்தது. ஒருநாள் காலையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. காபியைத் திட்டுவது சுலபம்.

* காபி கொஞ்ச நேரத்துக்கு அழுத்தத்தை ஏற்றும், உண்மைதான். பழகிய உடம்பில் அந்த ஏற்றம் பெரும்பாலும் சிறியது, ஆளுக்கு ஆள் மாறும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் குடிக்கக் கூடாது, மாடியேறிய மூச்சிரைப்போடும் அளக்கக் கூடாது. கட்டுரைக்காகப் படித்ததில் மிஞ்சியது இவ்வளவே.

4

இரண்டு வாரம் கழித்து, ஆற அமர உட்காரவைத்து அளந்தார்கள். கருவி பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

“குடிச்சீங்களா?” என்றார் டாக்டர்.

அவள் கண்கள் கலங்க, தலை குனிந்து—

(அது நான் எழுதிய வரி. அவளுக்குக் கண் கலங்கவில்லை.)

“ஒரு சொட்டு குடிக்கல. நம்பலைன்னா இங்கயே பார்த்துடுவோம் டாக்டர். இப்ப எடுத்துட்டீங்க. உங்க கண்ணு முன்னாடியே குடிக்கிறேன். பொறுத்திருந்து மறுபடி எடுங்க.”

டாக்டர் வாசல் பக்கம் திரும்பி, “நர்ஸம்மா, ரெண்டு காபி சொல்லுங்க” என்றார். இருவரும் குடித்தார்கள். காத்திருந்து இரண்டு முறை அளந்து பார்த்தார். ஏறியிருந்தது, ஏதோ பேருக்கு.

“நீங்க சொன்னதுதான் சரி. காபி இல்ல” என்றார்.

மேலக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அவளுக்கு உறைத்தது. காபி இல்லையென்றால் தன் உடம்புதான்.

“வீட்ல யாருக்காவது இருந்துச்சா?”

“அம்மாவுக்கு.”

“மாத்திரை எடுத்தாங்களா?”

“இல்ல. வெயில்னு சொன்னாங்க. உப்புன்னு சொன்னாங்க. கவலைன்னு சொன்னாங்க. மாத்திரையத் தவிர எல்லாத்தையும் சொன்னாங்க.”

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்தார். வழக்கில் ஜெயித்தவளுக்குத் தீர்ப்பாகக் கிடைத்தது மாத்திரை.

“எழுதுங்க, போட்டுக்கிறேன். கூடவே காபி குடிக்கலாம்னும் எழுதுங்க. வீட்ல காட்டணும்.”

“அளவோடன்னு எழுதுவேன்.”

“எழுதிக்குங்க.”

5

கணவன் சீட்டை வாசித்தான். பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்து மேடையில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: “அத்தைக்கு ஆன மாதிரி உனக்கும் ஆயிடுமோன்னு… காபிதான் காரணமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”

“நானுந்தான்” என்றாள். “பாலை வைங்க.”

6

மாத்திரை சில வாரம் ஓடியது. மறுபடி சோதனைக்கு நாள் குறித்தார்கள். கம்பெனி வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே வந்தால் அவள் மேலே ஏறலாம்.

ஆசிரியர் அம்மா போனில் சொன்னார்: “அவ மயங்கி விழட்டும். வாசகருக்குப் பாடமா இருக்கும்.” என் மனைவி சொன்னாள்: “பாவம், ஏத்தி விட்டுடுங்க.” இரண்டையும் எழுத மாட்டேன். ஒருத்தி தன் உடம்பை நேருக்கு நேர் பார்க்கத் துணிந்திருக்கிறாள். அவளைத் தண்டிக்க எனக்கு உரிமையில்லை, பரிசு கொடுக்கவும் இல்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று காலை அவள் காபி குடிக்கவில்லை, அளந்த பிறகு குடித்துக்கொள்ளலாம் என்று. நாற்காலியில் சாய்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து உட்கார்ந்தாள். பட்டை கையை இறுக்கிப் பிடித்தது.

“டாக்டர், நம்பர முதல்ல எனக்குக் காட்டுங்க. அப்புறம் கம்பெனிக்கு எழுதுங்க.”

டாக்டர் கருவியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து படித்தாள்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. அது அவள் ரத்தம். அந்த எண் தெரியாமல் உங்களுக்குத் தூக்கம் வராதென்றால், சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உங்களுடையதைப் பாருங்கள்.