ஐம்பத்தொன்றாம் நாள்

விடிந்ததும் முதல் வேலையாகச் சுயாபா கோழி ரத்தத்தைத் தயார் பண்ணினாள். நாப்கினில் அளவாகத் தடவி, கொஞ்சம் காயவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, தம்பி பெண்டாட்டி டேனியா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள்.

"இந்தா. நர்ஸம்மா கேட்டா பிரிச்சுக் காட்டு. வாயத் தொறக்காத."

டேனியா கையிலிருந்த பலேயாடா ரொட்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் அக்கம்பக்கம் கேட்காதபடி சுயாபா ரேடியோவை அலறவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியும் இவர்கள் இருவரும் போகிற அதே ஜீன்ஸ் ஆலையில்தான் வேலை பார்க்கிறாள்.

அந்த ஆலையில் புதிதாகச் சேர்கிறவளுக்கு அறுபது நாள் சோதனைக் காலம். அறுபது தாண்டிவிட்டால் பிள்ளைத்தாச்சியை வெளியே அனுப்ப முடியாது, சட்டம் இருக்கிறது. அதற்குள் என்றால் வேலை ஒத்துவரவில்லை என்று எழுதி அனுப்பிவிடலாம்; வயிறு தெரிந்துதான் அனுப்பினார்கள் என்பதற்கு மட்டும் சாட்சி இருக்கக் கூடாது. அதனால்தான் அந்த அறுபது நாளைக்குள், மாதம் ஒருமுறை, ஒவ்வொரு பெண்ணும் வீட்டுக்குத் தூரமானதற்குச் சாட்சியை நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்பதெல்லாம் அப்புறம். தீட்டுத் துணியைக் கண்ணால் பார்த்தால்தான் முதலாளிக்கு மனசு ஆறும். தூ! இதைக் கண்டுபிடித்தவனையும் ஒருத்தி பெற்றுத்தானே போட்டிருப்பாள்.

அன்றைக்கு டேனியாவுக்கு ஐம்பத்தொன்றாம் நாள். வயிற்றில் மூன்று மாதம்.

முகம் கழுவிவிட்டு வந்தவள் சொன்னாள்: "மதினி, நான் இன்னைக்கே சொல்லிடலாம்னு பாக்குறேன்."

"என்னத்த?"

"டாக்டரம்மா கடுதாசி ரெண்டு நகல் எழுதிக் குடுத்திருக்காங்க. நின்னுக்கிட்டு ஜீன்ஸுக்கு மருந்தடிக்கக் கூடாதாம். போன வாரமே லேசா ரத்தம் பட்டுச்சு. உக்காந்து செய்யற வேல கேளுன்னாங்க."

"டாக்டரம்மாவா வந்து உலை வெக்கப் போறா? இன்னும் ஒம்பதே ஒம்பது நாளுடி! ஒம்பது நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா உன் கால் என்ன ஒடிஞ்சா போயிரும்?" சுயாபாவுக்கு மூச்சு வாங்கியது. "உன்ன உள்ள சேத்துவிட்டது யாரு? நானு. சேத்துவிட்டவளையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு தெரியுமில்ல? எம்புள்ளைங்க மூணும் மண்ணத் திங்கணுமா?"

அதுவும் நிஜம்தான். யார் சிபாரிசில் வந்தாளோ அவளையும் சேர்த்துத் தண்டிப்பது அந்த ஆலையின் வழக்கம். வேவு பார்க்கிற வேலையைச் சம்பளமில்லாமல் வீட்டிலேயே நடத்திக்கொள்ளும் சாமர்த்தியம் அது.

டேனியா புருஷனைப் பார்த்தாள். எல்மர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பூட்ஸுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"நீ என்ன சொல்ற?"

"அக்கா சொல்றத கேளு," என்றான் பூட்ஸைப் பார்த்தபடியே.

போன வருஷமும் இதையேதான் சொன்னான். அப்போது வேறோர் ஆலை, அங்கேயும் இதே நாப்கின் சோதனை. சோதனைக் காலம் முடியட்டும், முடியட்டும் என்று அடிவயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்தாம் மாதத்தில் கக்கூஸ் தரையில் கலைந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போனால், சொல்லாமல் லீவு எடுத்தவள் என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். சொல்லாததற்குத் தண்டனை! டேனியாவுக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

பொட்டலத்தைப் பாவாடைப் பையில் வைத்தாள். டாக்டர் கடிதத்தை ரவிக்கைக்குள் செருகினாள். எதை எடுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆலையில் அவளுக்கு ஜீன்ஸின் தொடைப்பக்கம் மருந்து பீச்சி வெளுக்க வைக்கும் வேலை. பழசானது போலத் தெரிந்தால்தான் வெளிநாட்டுக்காரன் கூடுதல் காசு கொடுப்பானாம். பத்து மணிக்குள் தொண்டை எரிந்தது, இடுப்பு விண்ணென்று தெறித்தது. பிரிவின் மேஸ்திரி ரெய்னா வந்து கையைத் தட்டினாள்.

"புதுசுங்க எல்லாம் நர்ஸ்கிட்ட போங்க! சீக்கிரம்!"

நர்ஸ் அறை வாசலில் பன்னிரண்டு பேர் வரிசை. எல்லார் கையிலும் ஒரு பொட்டலம். அறைச் சுவரில் ரோஜாப்பூ போட்ட தாள் ஒட்டியிருந்தது: 'அன்னையர் தினம். ஞாயிறன்று கேக் உண்டு. எங்கள் தாய்மார்களே எங்கள் பெருமை.' டேனியா வரிசையில் முதலாவதாக நின்றாள்.

நர்ஸ் மிரியான் தலை நிமிராமல் கையை நீட்டினாள். "காட்டு."

டேனியாவின் கை பாவாடைப் பைக்குத்தான் முதலில் போனது. பொட்டலம் ஈரமாக, மெத்தென்று விரலில் பட்டது. கக்கூஸ் தரை நினைவுக்கு வந்தது. கையை வெளியே எடுத்து, ரவிக்கைக்குள்ளிருந்த கடிதத்தை மேஜைமேல் விரித்தாள்.

மிரியான் படித்தாள். எழுந்துபோய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? இன்னைக்குப் போய் ஏன் குடுக்குற?"

"வேற என்னத்தக் குடுக்க?"

"எல்லாரும் குடுக்கறதத்தான். அது கோழி ரத்தம்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருசமாப் பாக்குறேன். பாத்தேன்னு டிக் போடணும், எனக்கு அவ்வளவுதான் வேல. நீயும் எதையாவது காட்டிட்டுப் போ. ஒம்பது நாள் கழிச்சு இந்தக் கடுதாசியோட வா."

அப்படியானால் இத்தனை வருஷமும் ஏமாற்றியவளும் ஏமாந்தவளும் யாருமே இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பொய்க்காக டேனியாவின் பிள்ளை செத்திருந்தது.

"அந்த ஒம்பது நாளும் உக்காந்து வேல செய்ய ஒரு நாற்காலி தருவீங்களா?"

"நாற்காலி பிள்ளைத்தாச்சிக்குத்தான் தருவாங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது மிரியானுக்கே உறைத்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப கையெழுத்துப் போடுங்க," என்றாள் டேனியா. "வாங்கிக்கிட்டேன்னு ரெண்டு நகல்லயும். இன்னைக்குத் தேதி. மணியும் போடுங்க." அப்படியே நோயாளிக்கான நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

மிரியான் பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பத்து இருபது என்று மணி போட்டுக் கையெழுத்திட்டாள். ஒரு நகலை டேனியா மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் செய்தி பரவி ரெய்னா வந்துவிட்டாள். அவள் பின்னால் முகம் வெளுத்துச் சுயாபா.

"யாரு இவ? மகாராணி மாதிரி உக்காந்திருக்கா?" ரெய்னா கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சுயாபா பக்கம் திரும்பினாள். "உன் தம்பி பொண்டாட்டிதானே? உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது!" சுயாபா நெஞ்சில் அறைந்துகொண்டாள். "இப்படிப்பட்டவளுன்னு தெரிஞ்சிருந்தா வாசப்படி மிதிக்க விட்டிருப்பேனா? வயித்தத் தள்ளிக்கிட்டு என் தலையில மண்ணள்ளிப் போட வந்தவ!"

சுயாபாவின் நகக்கண்ணில் காலையில் தடவிய கோழி ரத்தம் இன்னும் கறுப்பாக இருந்தது. டேனியா அதைப் பார்த்தாள். பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேஜையில் போட ஒரு கணம் போதும். அதை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள்.

"சரி. உனக்கு வேல ஒத்துவரல. சோதனைல தோத்துட்ட. நிறுத்துற கடுதாசி ரெடியாகுது, இந்த வயிறு தெரியறதுக்கு முன்னாடி, நேத்துத் தேதியில. எந்திரி."

"வாங்கிக்கிட்டேன்னு இன்னைக்குத் தேதியும் மணியும் போட்டுட்டேன். ஒரு நகல் அவகிட்ட இருக்கு," என்றாள் மிரியான் மெதுவாக, மேஜையைப் பார்த்துக்கொண்டு.

ரெய்னா கடிதத்தை மறுபடி எடுத்து மணியையும் கையெழுத்தையும் பார்த்தாள். அப்புறம் செருப்பு அதிர மேனேஜர் அறையை நோக்கி நடந்தாள். சுயாபா பின்னாலேயே ஓடினாள்.

"நல்லாக் கெடுத்த!" என்று வரிசையில் ஒருத்தி பல்லைக் கடித்தாள். "இனிமே துணிய நம்பாம கப்புல மூத்திரம் புடிச்சுக் குடுக்கச் சொல்லுவாங்க. உன்னால எங்களுக்கும் சனியன்."

இன்னொருத்தி தரையில் துப்பினாள். டேனியா ரவிக்கைக்குள்ளிருந்த நகலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அடுத்து," என்று மிரியான் கூப்பிட்டாள்.

அடுத்து நின்ற பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். லெஸ்பியா என்று பெயர், பொத்தான் பிரிவு. அவள் நகரவில்லை. பொட்டலம் அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்தவள் முதுகில் இடித்தாள்.

"அக்கா," என்றாள் லெஸ்பியா, குரல் எழும்பாமல். "அந்தக் கடுதாசி எங்க தராங்க?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள்.

டேனியா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"சந்தைக்குப் பின்னாடி, சுகாதார நிலையம். காலைல ஆறு மணிக்கே போயிரு. ரெண்டு நகல் கேட்டு வாங்கு. மணி போடச் சொல்ல மறந்துராத."