கை நிற்கும் இடம்

ஆவடி ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்கிய வேம்புலிக்கு, பர்மாப் பக்கம் புறப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் தன் கித்தாரைக் கொடுத்துவிட்டுப் போனான். எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுக்க அவனுக்கு நேரமில்லை. வேம்புலி அதற்குமுன் கித்தார் சத்தத்தைக் கேட்டவனும் இல்லை. சொந்த ஊரான பாரிவாக்கத்தில் அவன் காது அறிந்த சங்கீதம் ஒன்றே ஒன்று. அது அவன் அத்தை நாகவல்லியின் ஒப்பாரி.

சுற்றுப்பட்டில் எங்கே சாவு விழுந்தாலும் நாகவல்லி வந்தால்தான் பிணத்துக்கே மரியாதை. வேம்புலி கித்தாரோடு அவள் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் குரல் நெளிந்தால் இவன் கம்பியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்து நெளிய வைப்பான். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் கம்பி அழும். அவள் அழும் இடத்தில் இவன் கை சும்மா நிற்கும். கித்தார் என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தான். வேறு விதமாக வாசிக்கலாம் என்று அவனுக்குச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

பூந்தமல்லியில் கிராமபோன் கடை வைத்திருந்த பரந்தாமன், தன் குத்தகைக்காரன் சாவுக்கு வந்த இடத்தில் இதைக் கேட்டார். மாலையைப் போட மறந்து நின்றார். பட்டணத்து ஓட்டல்களில் கித்தார்க்காரர்கள் எல்லாரும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் வாசிக்கிறான், இவன் வாசிப்பு யார் வாசிப்பும் இல்லை, இதைக் கிராமபோன் பிளேட்டில் ஏற்றினால் வேம்புலி பேர் சிலோன் வரைக்கும் போகும் என்றார். பூந்தமல்லிக் கடைத்தெரு ஆள் சரக்கை வாய்விட்டுப் புகழ்ந்தால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். வேம்புலி மூட்டை தூக்குகிறவன். அவனுக்கு இது தெரியாது. அன்று முதல் அவனுக்கு ஒரே ஆசை: பிளேட்டின் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதத்தில் தன் பேர்.

பட்டணத்தில் பிளேட் கம்பெனி ஆள் அவனை ஓர் அறையில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தான். நின்றான். வாசித்தான். நின்றான்.

"ஏம்ப்பா நிறுத்தற, மறந்துபோச்சா?"

"இல்ல சார். அங்க எங்க அத்த அழும்."

அப்படியானால் அத்தையைக் கூட்டி வா என்றார் கம்பெனி ஆள்.

நாகவல்லி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை.

"சாவு வுழாத எடத்துல நான் வாயத் தொறந்தா, யாரு சாவணும்னு கேக்குறேன்னு அர்த்தம்? அத பிளேட்ல புடிச்சிகினு போயி கல்யாண ஊட்ல வெப்பான், கொழந்த பொறந்த ஊட்ல வெப்பான். அங்கெல்லாம் நான் எளவு கூட்டணுமா, நைனா?"

அவள் சொன்னது நியாயம் என்று வேம்புலிக்கே பட்டதுதான் கஷ்டம்.

பரந்தாமன் விடவில்லை. "காலியா கீற எடத்துல எதுனா போட்டு நெரப்பேன்டா. ஜாடியில பாதி ஊறுகாய வெச்சிகினு யாருகிட்ட விப்பேன்?" என்றார். கிடங்குக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து வேம்புலி முயன்று பார்த்தான். அந்த இடம் வந்ததும் கை நின்றது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசப்போனது போலக் கூச்சம்.

அடுத்த சாவுக்குப் பரந்தாமன் ஓட்டல் பாண்டில் கித்தார் வாசிக்கும் ராஜசேகரனை அழைத்து வந்தார். கால்சட்டைக்காரர், நல்ல மனுஷர், கைகட்டி நின்று கேட்டார். பிணம் போனபின் விரலை எப்படி வைக்கிறாய் என்று மரியாதையாகக் கேட்டார். வேம்புலிக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பியை இழுப்பதை, இழுத்தபடி நடுங்க விடுவதை, எல்லாவற்றையும் காட்டினான். நிற்கும் இடத்தையும் காட்டினான். ராஜசேகரன் அதற்கு மட்டும் சிரித்தார்.

சில மாதம் கழித்துச் சென்னீர்குப்பம் டீக்கடையில் ஒரு பிளேட் பாடியது. வேம்புலி தன் கம்பியைத் தானே கேட்டான். அத்தை அழும் இடத்தில் மட்டும் கண்ணாடி வளையல் குலுங்குவது போல ஓர் உருட்டல். வட்டக் காகிதத்தில் யார் பேர் என்று டீக்கடைக்காரனைப் படிக்கச் சொன்னான். ராஜசேகரன் என்று படித்தான். பரந்தாமனிடம் போய்க் கேட்டபோது, நான் முதலில் உன்னிடம்தானே வந்தேன் என்றார். அதுவும் நிஜம்தான்.

அந்த மாசியில் நாகவல்லி செத்தாள். அவளுக்கு ஒப்பாரி வைக்க அவளைப் போல ஆள் இல்லை. பெண்கள் வெறுமனே அழுதார்கள். வேம்புலி தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தான். அவள் இடம் வந்தது. கை நின்றது. கூரைமேல் ஒரு காக்கை கத்தியது. மறுபடி வாசித்தான், மறுபடி நின்றான்.

பக்கத்தில் குந்தியிருந்த சின்னப்பையன் என்ற இளைஞன், அத்தைக்குப் பாடை கட்டியவன், அவன் தோளில் கை வைத்தான். அன்பாகத்தான் சொன்னான்:

"மாமே, அச்சு அந்தப் பிளேட்டு மாதிரியே வாசிக்கிற. நடுவுல நடுவுல கொஞ்சம் வுட்டுட்ற, அவ்ளோதான்."

விட்டுப்போனது எது என்று வாயாலேயே முனகியும் காட்டினான். சுற்றி இருந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. இரண்டு பேர் கூடச் சேர்ந்து முனகினார்கள்.

வேம்புலி வாசித்தான். அத்தையின் இடம் வந்தது. கை நிற்கவில்லை. ராஜசேகரனின் உருட்டலை உருட்டிவிட்டு மேலே போனது.

இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று சின்னப்பையன் தலையாட்டினான்.