அணைக்காத வண்டி

பொன்மலைப்பட்டியில் இருதயநாதன் வீடு எது என்று கேட்டால் யாரும் தெருப்பேர் சொல்ல மாட்டார்கள். "சத்தம் வர்ற வீடு" என்பார்கள். வாசலில் ஒரு டீசல் பிக்கப் நிற்கும். முன்னால் ரெண்டு வரிசை சீட்டு, பின்னால் லோடு ஏத்துகிற பாடி, மூக்கு தட்டை, நிறம் ஒரு காலத்தில் பச்சை. ஜப்பான்காரனோடு கூட்டு வைத்து நம்ம ஊர்க்காரன் பண்ணிய வண்டி. கூட்டும் முறிந்தது, கம்பெனியையும் மூடினார்கள். பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியப் போவதில்லை, விடுங்கள். தமிழ்நாட்டில் ஓடுகிற நிலையில் மூணே மூணுதான் இருக்கிறது என்பது இருதயநாதன் கணக்கு. மற்ற ரெண்டை அவரும் பார்த்ததில்லை.

மனுஷன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தி நாலு வருஷம் டீசல் ரயில் இன்ஜினோடு மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர். ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. டீசல் இன்ஜினை லேசில் அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு, அதனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே நிற்கும். இந்தப் பழக்கத்தை இருதயநாதன் ஊருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். அவர் முடிவெட்டிக்கொள்கிற வரைக்கும் சலூன் வாசலில் வண்டி ஓடும். கறிக்கடையில் நின்றால் கறிக்கடை வாசலில் ஓடும். ஏன் சார் என்று கேட்டால், "டீசல் இன்ஜினை அடிக்கடி அணைச்சா ஆயுசு குறையும் தம்பி. ரயில் இன்ஜினை யாராவது அணைச்சுப் பார்த்திருக்கியா?" என்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை இது. நிஜம் என்னவென்றால் வண்டிக்கு செல்ஃப் எடுக்காது. நாலு வருஷமாக எடுக்காது. செல்ஃப் மோட்டார் போய்க் கவ்வ வேண்டிய சக்கரத்தில் பல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. பால்பண்ணை ஸ்டாப் பக்கம் கடை வைத்திருக்கிற மெக்கானிக் முஜிபுர் ரஹ்மான் தலைபாடாக அடித்துக்கொண்டார். "லேத்துல குடுத்துப் புதுசா ஒண்ணு செஞ்சு மாட்டிடலாம் சார், ஒரு வாரம் வேலை" என்றார். இருதயநாதன் முகம் சுருங்கிவிட்டது. "ஒரிஜினல் போயிடும் பாய்." கம்பெனி போட்ட ஆணியைக்கூட மாற்றாத வண்டி என்று பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அவருக்கு ஒரு பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டும். வண்டி கிளம்புகிறதா என்பது இரண்டாம் பட்சம்.

அதனால் மனுஷன் மேடு தேட ஆரம்பித்தார். வீட்டு வாசலில் சிமெண்டில் ஒரு சரிவு கட்டினார். காலையில் அதில் வண்டியை உருட்டி, ரெண்டாவது கியரில் போட்டு, கிளட்சை விட்டால் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வந்துவிடும். சரிவு இருக்கிற இடத்தில் மட்டும் அணைப்பார். திருச்சியில் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் ரோடு சரியும், எந்த ஆஸ்பத்திரிக்கு முன்னால் சரியாது என்று அவரைக் கேட்டால் போதும். சமதளத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அவர் போவதே குறைந்துவிட்டது. அவர்களும் இவருக்கு ரிட்டயர் ஆனதும் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள்.

மனைவி அடைக்கலமேரிக்கும் மகள் ஜாஸ்லினுக்கும் எல்லாம் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்கள். வீட்டு மானம்.

ஜாஸ்லினுக்கு இருபத்தொன்பது நடக்கிறது. தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரெண்டு இடம் வந்து தட்டிப் போனதற்கப்புறம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் எட்வின், காலேஜில் வாத்தியார். அப்பா சவரியப்பன் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மேலூர் ரோட்டில் சொந்த வீடு. அவர்கள் வந்து பொண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் உறுதி பண்ணி, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிவிடலாம்.

"டாக்ஸி சொல்லிடலாங்க" என்றாள் அடைக்கலமேரி.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கிறப்ப டாக்ஸியா?"

ஸ்ரீரங்கம் இருக்கிறதே, அது தீவு. தோசைக்கல் மாதிரி சமம். காவிரிப் பாலத்தில் ஏறி இறங்கினதும் இருதயநாதன் கண் அலைபாய்ந்தது. மேலூர் ரோட்டில் ஒரு சாண் சரிவு இல்லை. சவரியப்பன் வீட்டு கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். அணைக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரமும் வாசலில் டுக்கு டுக்கென்று வண்டி ஓடியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. புகை ஹாலுக்குள் வந்து இயேசு படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சமையலறைக்குப் போயிற்று.

"வண்டி ஓடிக்கிட்டு இருக்குங்களே" என்றார் சவரியப்பன், மரியாதையாக.

"ஓடட்டும் சார்."

"டிரைவர் இருந்தா உள்ள வரச் சொல்லுங்க, காபி சாப்பிடட்டும்."

"டிரைவரெல்லாம் இல்ல, நான்தான்."

சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று சவரியப்பன் மனைவி அடைக்கலமேரி கையைப் பிடித்துச் சொன்னாள். பிரியாணி வாசம் வேறு வந்துகொண்டிருந்தது. இருதயநாதன் ஜன்னலைப் பார்த்தார். டீசல் முள் சிவப்பைத் தொட்டிருக்கும் என்ற கவலை அவருக்கு. "இன்னொரு நாள் பாத்துக்கலாங்க" என்று எழுந்துவிட்டார். வீடு திரும்புகிற வழியெல்லாம், நல்ல மனுஷங்க, நல்ல இடம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு வாரம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அடைக்கலமேரி ரெண்டு தடவை போன் பண்ணினாள். "பேசிட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்கள். எட்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜாஸ்லின் தட்டைத் தள்ளிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"எட்வின் மெசேஜ் அனுப்பியிருந்தாரு. உங்கப்பாவுக்கு எங்க வீடு பிடிக்கலையான்னு கேக்குறாரு."

"யாரு சொன்னா?"

"அவங்கப்பாதான். 'வண்டியக்கூட அணைக்காம வந்து உக்காந்துட்டுப் போன மனுஷன். நம்ம வீடு அவருக்கு டீக்கடை மாதிரி. சாப்பிடச் சொன்னாலும் வாசலையே பாக்குறாரு. இந்த சம்பந்தம் வேணாம்'னு சொல்லிட்டாராம்."

அடைக்கலமேரி பொரிந்து தள்ளினாள். "நான் அன்னைக்கே டாக்ஸின்னு சொன்னேன். இப்ப என்ன கெட்டுப் போச்சு? போனைப் போட்டு, செல்ஃப் எடுக்கலைங்க, அதான் அணைக்கலன்னு சொல்லுங்க. சிரிச்சுட்டு விட்டுருவாங்க."

"சிரிப்பாங்கல்ல. அதான்."

"என்ன அதான்?"

"முப்பத்தி நாலு வருஷம் நான் ரயிலையே ஓட வச்சவன். என் வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு நான் என் வாயால ஒரு பேங்க்காரர்கிட்ட சொல்லணுமா? அவங்களுக்கு நான் திமிர் பிடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன்."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது சிலருக்கு. அடைக்கலமேரி தலையில் அடித்துக்கொண்டாள். ஜாஸ்லின் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார்.

"அப்பா, முன்னாடி வந்த ரெண்டு இடமும் போனப்ப நான் ஒண்ணுமே சொல்லல. எனக்கு ஒண்ணும் தோணல. இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. இது போயிடுச்சுன்னா நான் ரொம்பக் கஷ்டப்படுவேன் அப்பா."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். எதையும் கேட்டே பழகாத பெண். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நாளில் ஒரு சைக்கிள்கூடக் கேட்டதில்லை.

அன்று ராத்திரி முழுக்க யோசித்து மனுஷன் ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்வது என்ற முடிவு இல்லை, அவ்வளவு சீக்கிரம் வருமா அது? எந்த வாசலில் அணைக்காமல் அவமரியாதை பண்ணினாரோ, அந்த வாசலிலேயே அணைத்துக் காட்டுவது. சாவகாசமாக உட்காருவது. சாப்பிட்டுவிட்டே எழுவது. அதற்கப்புறம் வண்டி எப்படிக் கிளம்பும் என்று அடைக்கலமேரி கேட்டாள். "அவங்க வாசலோட வழியனுப்பிட்டு உள்ள போயிடுவாங்க. நாம ரெண்டு பேரும் ஒரு தள்ளு தள்ளினா எடுத்துக்கும்" என்றார். அவளுக்கு மூட்டு வலி, அவருக்குப் போன வருஷம்தான் குடலிறக்க ஆப்பரேஷன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். சவரியப்பன் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. இருதயநாதன் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற கறுப்புக் குமிழைப் பிடித்தார். அதை இழுத்தால்தான் இன்ஜின் அணையும். சமதளத்தில் அதை இழுத்து நாலு வருஷம் ஆகிறது. ஜாஸ்லின் தட்டைத் தள்ளியது ஞாபகம் வந்தது. இழுத்துவிட்டார்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தெருவே அமைதியாகிவிட்டது. எதிர்வீட்டில் குக்கர் விசில் கேட்டது.

"வாங்க சார், உள்ள வாங்க" என்றார் சவரியப்பன். குரல் அப்போதே இறங்கிவிட்டது.

அப்புறம் என்ன, நாலு மணி நேரம். மட்டன் குழம்பு, மீன் வறுவல், ரெண்டாம் தடவை சோறு. பேங்க் கதை, ரயில்வே கதை. வர்ற மாதம் உறுதி, தை மாசம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். சவரியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சம்பந்தி" என்றார். இருதயநாதன் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்.

கிளம்பும்போதுதான் வினை. வாசலோடு வழியனுப்புகிற ஜனமா அது? சவரியப்பன், அவர் மனைவி, எட்வின், மாடியில் குடியிருக்கிறவர்கள், எதிர்வீட்டு அம்மா, எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வண்டியைச் சுற்றி நின்று கையாட்டத் தயாராக இருந்தார்கள். இருதயநாதன் கதவைத் தொட்டார், கையை எடுத்தார். காலையில் மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு வந்து சத்தமில்லாமல் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

"வண்டி இங்கயே நிக்கட்டும் சம்பந்தி. நாங்க பஸ்ல போயிக்கிறோம்."

"ஏன் சார்?"

ஏன் என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். "இருக்கட்டும். இனிமே அங்க நின்னா என்ன, இங்க நின்னா என்ன. ரெண்டும் ஒரே வீடுதானே."

சவரியப்பன் அவரையே பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாங்க ஒரு குண்டூசி கேக்கலையே சம்பந்தி. இந்த வண்டின்னா உங்களுக்கு உயிருன்னு மருமக சொல்லிச்சாம். அதைப் போயி எட்வினுக்குக் குடுக்கறீங்களே. எட்வின், இங்க வா. மாமாகிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்க."

எட்வின் குனிந்தான். எதிர்வீட்டு அம்மா, "பெரிய மனசு" என்றாள். அடைக்கலமேரி முன்னால் வந்தாள். "அது வந்துங்க, அந்த வண்டி என்னன்னா" என்று ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை. ஸ்டார்ட் ஆகாது என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் வண்டி மிஞ்சியிருக்கும், சம்பந்தமும் கெட்டிருக்காது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமா சம்பந்தி" என்றார் இருதயநாதன், மனைவியை முந்திக்கொண்டு. "மாப்பிள்ளைக்குத்தான்."

சாவியை எடுத்து எட்வின் கையில் வைத்தார். மகளுக்காகக் கொடுத்தாரா, வெட்கத்துக்குப் பயந்து கொடுத்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வளையத்தை விட்டு விரல் வர ஒரு நொடி ஆயிற்று.

ராஜகோபுரம் ஸ்டாப்பில் ஒண்ணாம் நம்பர் பஸ் கிடைத்தது. அடைக்கலமேரி திருச்சி வரைக்கும் திட்டுவதற்குத் தயாராக ஏறினாள். பக்கத்தில் பார்த்தால் மனுஷன் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டாமல் டிக்கெட் வாங்கினாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறுகிறபோது அவர் போன் அடித்தது.

"சம்பந்தி, வண்டியை காம்பவுண்டுக்குள்ள விடலாம்னு எட்வின் ஏறினான். சாவியைத் திருப்பினா கறக் கறக்குன்னு சத்தந்தான் வருது. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஏதாவது சூட்சுமம் இருக்கா?"

"சூட்சுமமெல்லாம் இல்ல சம்பந்தி" என்றார் இருதயநாதன். "அதுக்கு செல்ஃப் எடுக்காது. சக்கரத்துல பல்லே கிடையாது. நாலு பேரா சேர்ந்து தள்ளுங்க. மாப்பிள்ளையை ரெண்டாவது கியர்ல போட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விடச் சொல்லுங்க."

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு வருஷமா."

"அப்ப அன்னைக்கு அணைக்காம உக்காந்திருந்தது..."

"அதுக்குத்தான்."

"அட கடவுளே. நான் ஒரு வாரம் தூங்கல, தெரியுமா சார். இதை நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது" என்றார் இருதயநாதன். "அன்னைக்கு அது என் வண்டி."