ஒன்பதாவது வெட்டு

வாழைக் குருத்தை வெட்டி வெட்டிப் பெருக்குவதுதான் என் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, கத்தியைத் தீயில் காட்டி, ஒரு குருத்தை நாலாக்கி நாலு பாட்டிலில் வைக்க வேண்டும். எல்லாம் ஒரே தாயின் நகல். தாய் நன்றாக இருந்தால் ஆயிரமும் நன்றாக இருக்கும். தாய் கெட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் எங்கள் லேபில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எட்டு முறை வெட்டியதும் அந்தப் பாட்டில்களைக் கொட்டிவிட்டுப் புதுக் கிழங்கு எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குருத்துக்குள் ஏதாவது மாறிவிடலாம். பாட்டிலில் தெரியாது, தோட்டத்தில் தார் தள்ளும்போதுதான் தெரியும். எத்தனையாவது வெட்டு என்பதை மூடியில் எழுதி வைப்போம்.

என்னிடம் ஒரு வரிசை இருந்தது. மற்றவை மூன்று முளை விட்டால் அது ஏழு விடும். அதைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. எட்டு முடிந்தபோது கொட்ட மனசு வரவில்லை. இவ்வளவு அழகான குருத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது? எட்டைத் துடைத்துவிட்டு மூன்று என்று எழுதி, ஒன்பதாவது முறையும் வெட்டினேன். சூப்பர்வைசருக்குத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவே நேரம் போதாது, அவர் எங்கே மூடியைப் பார்க்கப் போகிறார்? தன் தோட்டத்தில் நட அண்ணன் கன்று கேட்டபோது அந்த வரிசையிலிருந்துதான் பொறுக்கிக் கொடுத்தேன்.

பத்து மாதம் கழித்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் தார் தொங்கியது. அண்ணன் தோட்டத்தில் இலைகள் குறுகித் தடித்திருந்தன. காய்கள் சுண்டுவிரலைத் தாண்டவில்லை. அண்ணி போனில் அழுதாள்.

"மனுஷன் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. நான்தான் மண்ணு பாக்காம நட்டுட்டேன்னு தலையில அடிச்சுக்கறாரு."

நடந்ததைச் சொல்லிவிடுவது என்று மறுநாளே கிளம்பிப் போனேன். அண்ணன் தோட்டத்தில் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், புதிதாகக் குத்தகைக்குப் பிடித்த நிலத்தில் மண்வெட்டியோடு நின்றான். சுற்றிலும் இளம் வாழைக்கன்றுகள்.

"அந்த மண்ணுதான் சரியில்ல. அதான் நீ குடுத்த வாழையோட பக்கக்கன்னு அத்தனையும் எடுத்துட்டு வந்து போன மாசமே இங்க நட்டுட்டேன். உன் கை பட்டது, எப்படி சோடை போகும்?"

"அண்ணா, தப்பு மண்ணுல இல்ல. கன்னுல. நான்தான்..." மூடியில் எழுதியது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சுற்றியிருந்த கன்றுகளைப் பார்த்தான்.

"அப்ப இதுவும்?"

"அந்தக் கிழங்குலேர்ந்து எத்தனை வந்தாலும் இப்படித்தான்."

மண்வெட்டியை என் காலடியில் போட்டான். "நீயே புடுங்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

முதல் கன்றைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நன்றாக வேர் பிடித்திருந்தது.