பம்புக்கு எதுக்கு ஓய்வு

அந்த ஆஸ்பத்திரியின் கழிவுநீர் நிலையத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சந்தேகம்’. அவர் ஷிப்டுக்கு உள்ளே நுழைந்ததும், “சந்தேகம் வந்தாச்சு, பூட்டையெல்லாம் எடுத்து வைங்கப்பா” என்பார்கள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்துப் பார்த்ததிலும் நம்பிக்கை இல்லாமல் பாதி வழியில் திரும்பி வருவார். அழுத்தம் காட்டும் கேஜ் முள் என்ன சொன்னாலும், குழாயில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

அவருக்கு முந்தின ஷிப்ட் மருமகனுடையது. வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். அதனால் மற்றவர்களைவிட மருமகனை ஒரு பிடி குறைவாகவே நம்பினார்.

அங்கே வேலை இதுதான். ஆஸ்பத்திரியின் அழுக்குத் தண்ணீரெல்லாம் பெரிய தொட்டிக்கு வரும். தொட்டியில் வளர்த்திருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்னும். தொட்டிக்குள் நூல் நூலாகத் தொங்கும் மெம்பரேன் என்ற வடிகட்டி வழியே பம்ப் தண்ணீரை உறிஞ்சும். கிருமியும் சகதியும் வெளியிலேயே நின்றுவிடும். வடிந்து வருகிற தண்ணீர் சலவைக்கூடத்துக்குப் போகும். வார்டுப் படுக்கை விரிப்புகளை அதில்தான் அலசினார்கள். அலசுகிறவர்களில் ஒருத்தி அவருடைய மகள்.

ஆனால் நூலின் மேல் வழவழப்பு ஒன்று அப்பிக்கொள்ளும். அது கூடக் கூட பம்ப் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த மாதம் அது எல்லை மீறிப் போய்விட்டது. மருந்து விட்டுக் கழுவியும் பலனில்லை. முள் ஏறிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நூலாக இளைத்தது. ஏன் இப்படி அடைக்கிறது என்று நேரில் பார்க்க இன்ஜினியரம்மா வருவதாக இருந்த நாளில்தான் அந்த அதிசயம் நடந்தது.

காலையில் அவர் வந்தபோது முள் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நேற்றுவரை மூச்சுத் திணறிக் கிடந்தது இன்றைக்கு எழுந்து ஓடினால் யார் நம்புவது? ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுத் தொட்டியைச் சுற்றி வந்தார். திரும்பி வந்து பார்த்தால் அடியில் பழுப்பாக ஒரு படலம் உட்கார்ந்திருந்தது.

மெம்பரேன் கிழிந்திருக்கிறது. அடைப்பு போகவில்லை, ஓட்டை விழுந்திருக்கிறது.

பின்பக்கக் கொட்டகையில் தரை தேய்க்கும் முரட்டு பிரஷ் ஈரமாகச் சாய்ந்திருந்தது. அதன் நார்களில் வெள்ளை நூல்கள் சிக்கியிருந்தன. மருமகன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“பிரஷ் போட்டீங்களா மாப்ள?”

“எந்த பிரஷ் மாமா?”

“பல்லு வெளக்குற பிரஷ்ஷையா கேக்கப் போறேன்?”

அவன் குழாயை மூடினான். “மெம்பரேன் சட்டத்தத் தூக்கி வச்சு லேசாத்தான் தேய்ச்சேன்.”

“அடிப்பிடிச்ச சட்டியா அது, தேய்க்கிறதுக்கு? தொடப்பம் புடிச்சு நாலு நாள் ஆனவனுக்குக்கூடத் தெரியும். ஏன் இப்படிப் புத்தி போச்சு உங்களுக்கு?”

“இன்னிக்கு மேடம் பாத்தா தெரிஞ்சிடும்.”

“என்ன தெரிஞ்சிடும்?”

அவன் மோவாயால் சுவிட்ச் பெட்டியைக் காட்டினான்.

அவருக்குக் காதோரம் சூடு ஏறியது. பம்ப் கொஞ்ச நேரம் உறிஞ்சி, கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிற்கும்போது அடியிலிருந்து கிளம்பும் காற்றுக்குமிழிகள் நூல்களை உலுக்கி வழவழப்பை உதிர்க்கும். அதற்கென்று தானியங்கி சுவிட்ச் இருந்தது. தானாக நிற்கிற மோட்டார் ஒருநாள் நின்றது நின்றபடியே போய்விடும் என்பது அவர் கணக்கு. தன் ஷிப்டில் அதைக் கைமுறைக்குத் திருப்பி ஓயாமல் ஓட்டுவார். கிளம்பும்போது பழையபடி திருப்பிவிடுவார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தார்.

“ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். அப்ப பாத்தேன்,” என்றான் மருமகன். “உங்க ஷிப்ட் முழுக்க மூச்சு விடாம இழுக்குது மாமா. அப்புறம் அப்பிக்காம என்ன செய்யும்?”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்புவீங்களா?”

அவர் தொட்டியைப் பார்த்தார்.

“ஏற்கெனவே பட்டப்பேரு வச்சுச் சிரிக்கிறானுங்க. இதுவும் தெரிஞ்சா விடுவானுங்களா?” மருமகன் குரல் தாழ்ந்தது. “புது மெம்பரேன் எப்படியும் வரப் போகுது. அதுவரைக்கும் வாயத் திறக்காம இருப்போம் மாமா. தண்ணி கண்ணுக்கு நல்லாத்தானே இருக்கு.”

அவர் ஜன்னலுக்குப் போய் டம்ளரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். அவன் அடியைப் பார்த்தான்.

“அறுத்துத் தையல் போட்டவங்க படுக்கிற விரிப்பு,” என்றார் அவர். போய் பம்பை நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் சலவைக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகள்தான்.

“அப்பா, தண்ணி நின்னுபோச்சு. வார்டுக்குத் துணி அனுப்பணும்.”

“அலசின துணி எதையும் அனுப்பாதம்மா. காலையில போனதையும் திருப்பிக் கேளு. எல்லாத்தையும் குழாய்த் தண்ணியில மறுபடி துவைக்கணும்.”

“எல்லாத்தையுமா? ஏம்ப்பா, என்ன ஆச்சு?”

மருமகன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“மெம்பரேன் போயிடுச்சு. அதுக்கு ஆரம்பம் நான்தான்,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

இன்ஜினியரம்மா வந்ததும் சுவிட்ச் விஷயத்தை அவரே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பிரஷ்ஷைப் பற்றி எப்படிச் சொல்வதென்று அவர் தயங்கியபோது, “தேய்ச்சது நான் மேடம்” என்று மருமகன் முன்னால் வந்தான். அவள் சத்தம் போடவில்லை. சட்டத்தைத் தொட்டியிலிருந்து தூக்கச் சொன்னாள். அறுந்த நூல்களிலிருந்து சகதி சொட்டியது. ஒன்றை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

“எத்தனை பேர் உடம்புல பட்டிருக்குமோ தெரியல,” என்றாள். “மேலிடத்துல பேசணும். ரெண்டு பேரும் வெளியில உக்காருங்க பெரியவரே.”

வெளியே இரும்பு பெஞ்சு வெயிலில் காய்ந்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். எதிர்ப் பாதையில் மகள் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வார்டிலிருந்து திரும்பிய விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. ஈரத்தில் ஊறி அவள் விரல்கள் வெளுத்திருந்தன. வண்டியை நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

அவர் நகர்ந்து நடுவில் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள்.