முற்றம் கழுவிய தண்ணீர்

கல்கத்தாவின் பாலிகஞ்ச் ரயில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த வாடகை வீட்டின் பின்முற்றத்தில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று பெரிய இரும்புக் குழாய். ஹூக்ளி ஆற்றிலிருந்து வடிகட்டாமல் அப்படியே இறைத்து அனுப்பிய தண்ணீர் அதில் வரும். தெரு கழுவவும் சாக்கடை தள்ளவும் என்று விட்ட தண்ணீர் அது. மற்றது சின்னப் பித்தளைக் குழாய். மணல் தொட்டிகளில் வடிகட்டிய குடிதண்ணீர் அதில் வரும். ராஜலக்ஷ்மி இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கி வைத்திருந்தாள். பெரிய குழாய்த் தண்ணீரில் சமைத்துப் பெருமாளுக்குத் தளிகை செய்தாள். சின்னக் குழாய்த் தண்ணீரில் முற்றம் கழுவினாள்.

அவளைப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். மன்னார்குடிப் பக்கத்து வைதிகக் குடும்பத்துப் பெண். சின்னக் குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தோல் பட்ட தண்ணீர் பெருமாள் தளிகைக்கு ஆகுமா? பெரிய குழாய்க்குள்ளும் அதே தோல் வளையம்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால், கங்கையில் எல்லாத் தோஷமும் கரைந்துவிடும் என்று பதில் சொல்லியிருப்பாள். ஹூக்ளி என்பது வெள்ளைக்காரன் வாயில் வரும் பெயர். அவளுக்கு அது கங்கை. காசிக்குப் போக நடையாய் நடக்கிற உலகத்தில், தன் வீட்டு முற்றத்துக்கே கங்கை வந்து கொட்டுகிறாள் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட உண்டு.

தலைநகரம் டில்லிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன் சணல் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதும் குமாஸ்தா. காலையில் ரயிலேறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். குழந்தை இல்லாத வீடு. நடுவில் நீண்டு கிடக்கும் பகல் பொழுதை அவள் ஒரு மாதிரி சொப்பனத்தில் கழித்தாள். அந்தச் சித்திரையில் மதிலுக்கு அப்பாலிருந்த இலவ மரத்தில் காய்கள் வெடித்து, பஞ்சு காற்றில் மிதந்து வந்துகொண்டே இருந்தது. இரும்புக் குழாயைத் திறந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஹரித்துவாரம், பிரயாகை, காசி எல்லாம் சலசலவென்று பாதத்தைத் தொட்டுக்கொண்டு போவது போல இருக்கும். கண் திறந்தால் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும்.

அந்த மதிலுக்கு அப்பால்தான் பஸ்தி. வங்காளிகள் பஸ்தி என்று சொல்வது நூறு குடிசைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இடம். அங்கே சின்னக் குழாய் கிடையாது. சந்து முனையில் தெரு கழுவும் இரும்புக் குழாய் ஒன்றும், பாசி பிடித்த குட்டை ஒன்றும்தான். பாத்திரம் தேய்க்கத் தெருவைச் சுற்றிக்கொண்டு வரும் மோக்ஷதா அங்கே இருந்தாள். விதவை. ஏழு வயதில் டுனி என்று ஒரு பெண்.

ஒரு நாள் மோக்ஷதா தன் மண்குடத்தை முற்றத்து வாசலிலேயே வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள். அவள் வங்காளத்தில் பேசுவாள். ராஜலக்ஷ்மி அடுக்களை வங்காளத்தில் பதில் சொல்வாள். மீதியைக் கை பேசும்.

"மா, இந்தச் சின்னக் குழாயிலேர்ந்து தினம் ஒரு குடம் எடுத்துக்கட்டுமா? எங்க பக்கம் குழாய்த் தண்ணி நாத்தம் அடிக்குது. டுனி குடிக்க மாட்டேங்குறா."

ராஜலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயய்யோ, உன் குடம் அந்தக் குழாயில பட்டா நான் முற்றம் பூரா அலம்பணுமேடி! அதோட இது தோல் பட்ட தண்ணி. உனக்கு நல்லதுக்குச் சொல்றேன், கங்கையையே குடி. நாங்களும் அதைத்தான் குடிக்கறோம். எங்களுக்கு என்ன வந்துடுத்து?"

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அன்பாகத்தான் சொன்னாள். கையில் இரண்டு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினாள். தான் குடிக்க மாட்டேன் என்று ஒதுக்கிய தண்ணீரை இன்னொருத்தி தொடக்கூடாது என்று தடுக்கிறோமே, இது என்ன நியாயம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. மோக்ஷதா தலையாட்டிவிட்டுப் போனாள். பெரிய வீட்டு அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள்.

பத்து நாள் கழித்து மோக்ஷதா வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் ஓய்ந்து இன்னொரு இடத்தில் எழும்பியது. ராஜலக்ஷ்மி முற்றத்தில் நின்று கேட்டாள். என்ன நினைத்தாளோ, கல்கத்தாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவையும் திறக்காத, மதிலில் இருந்த பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

கதவுக்கு அப்பால் வேறு ஊர் மாதிரி இருந்தது. சாணிப் புகை இடுப்பு உயரத்துக்குப் படிந்திருந்தது. அதே இலவம் பஞ்சு இங்கேயும் மிதந்தது; சாக்கடை மேலும் கூரைகள் மேலும் ஒன்றுபோலவே இறங்கியது. மடிசாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகும் அவளை ஜனங்கள் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மோக்ஷதாவின் பெயரைச் சொன்னதும் ஒரு கிழவர் விரலை மட்டும் நீட்டினார்.

குடிசைக்குள் டுனி பாயில் கிடந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது. கன்னம் ஒட்டி, ஏழு வயதுக் குழந்தைக்கு எழுபது வயது முகம் வந்திருந்தது. மோக்ஷதா ஒரு மூலையில் அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்துப் போட்ட கூடை மேல் வயதான வங்காளி டாக்டர் ஒருவர் இருந்தார். தர்மத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர். மூன்று நாளாக வேட்டிகூட மாற்றவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"காலரா, மா. இந்தச் சந்துல மட்டும் ஒம்பது பேர் போயிட்டாங்க," என்றார்.

"கங்கா ஜலம் குடுத்தேளா?" என்று கேட்டாள் ராஜலக்ஷ்மி. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

டாக்டர் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அதற்கும் தெம்பில்லாதவர் போல விட்டுவிட்டார். "அதைக் குடிச்சுத்தானே வந்தது. நதி புனிதம்தான், நானும் முங்குறவன்தான். ஆனா ஊரோட அழுக்கெல்லாம் அதுலதானே விழுது."

"நாங்களும் அதைத்தான் குடிக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் வரலையே?"

"அப்படியே குடிக்கிறீங்களா?"

"இல்லே. தெளிய வெச்சு, ஜீரகம் போட்டுக் கொதிக்க வெச்சு... எங்காத்துக்காரருக்கு வயிறு கொஞ்சம் சொகுசு."

"தினம் எவ்வளவு கரி ஆகுது?"

"ஒரு கூடை ஆகும்," என்றாள் ராஜலக்ஷ்மி.

"உங்களைக் காப்பாத்தினது அடுப்பு, மா. இவங்களுக்கு ஒரு வேளைச் சோறு பொங்கவே கரி இல்லை. தண்ணியை எதுல கொதிக்க வைப்பாங்க? வடிகட்டின தண்ணி வந்தா கொதிக்கவே வைக்க வேண்டாம். அந்தக் குழாய் அந்த மதிலோட நின்னு போச்சு." அவர் கை நீட்டிய மதில் அவள் வீட்டு மதில். "இந்தக் குழந்தைக்கு மருந்துன்னு என்கிட்ட பெரிசா ஒண்ணும் இல்லை. சுத்தமான தண்ணியில உப்புப் போட்டு, வாந்தி எடுத்தாலும் விடாம உள்ளே இறக்கிட்டே இருந்தா, பிழைக்குமான்னு சாயங்காலத்துக்குள்ள தெரியும். சுத்தமான தண்ணிக்கு நான் எங்கே போவேன்?"

மோக்ஷதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நீங்க சொன்னதைத்தான் குடுத்தேன், மா. நாத்தம் அடிக்குதுன்னு அழுதா. கங்கைன்னு சொல்லி, பிடிச்சு வெச்சுக் குடுத்தேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் ராஜலக்ஷ்மி தாங்கியிருப்பாள்.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முற்றத்தில் நின்றாள். வெயில் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பஞ்சு ஒன்று மேலே போவதா கீழே வருவதா என்று முடிவு செய்யாமல் முகத்துக்கு நேரே நின்றது. காலையில் அவள் கழுவி விட்ட முற்றம் இன்னும் ஈரம் காயவில்லை. எத்தனை குடம்! ஆறு வருஷமாக ஒவ்வொரு நாளும் எத்தனை குடம் நல்ல தண்ணீரைக் கல்லில் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறாள்!

பெருமாள் தளிகைக்கென்று தனியாக வைத்திருந்த மடிக் குடத்தை எடுத்தாள். சின்னக் குழாயின் கீழே வைத்துத் திருகினாள். அடுப்பு மூட்டி, அரிசியைக் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டு நீர்க்கக் கஞ்சி காய்ச்சினாள். ஒரு கையில் கஞ்சி, இடுப்பில் குடத்துடன் மறுபடி அந்தக் கதவைத் தாண்டினாள்.

குடத்தைப் பார்த்ததும் மோக்ஷதா பின்வாங்கினாள். "மா, இது உங்க சாமிக் குடம். நான் தொட்டா..."

"தொடு," என்றாள் ராஜலக்ஷ்மி. "தொட்டு எடுத்து ஊத்து. பேச நேரமில்லே."

பிறகு அந்தப் பகல் நீண்டுகொண்டே போயிற்று. கரண்டி கரண்டியாகக் கஞ்சி உள்ளே போவதும், பாதி வெளியே வருவதும், மறுபடி ஊட்டுவதுமாக நேரம் உருகி ஓடியது. அவள் மடியில் அந்தக் குழந்தையின் தலை கிடந்தது. அவள் குடத்தோடு வந்ததைப் பார்த்த பெண்கள் ஒவ்வொருவராகத் திறந்த கதவுக்குள் போய், நிறைந்த குடத்தோடு புகைக்குள் மறைந்தார்கள். யார் அனுமதி கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. வெயில் சாயும் நேரம் டுனி கண்ணைத் திறந்து, "மா, முடி," என்றாள். முடி என்றால் வங்காளத்தில் பொரி. பசிக்கிறது! டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கூடையிலேயே உட்கார்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்ரீனிவாசராகவன் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது வீட்டுப் பின்முற்றத்தில் இருபது பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். மனிதர் குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னடி ராஜி இது? ஆசாரம் என்ன ஆறது? வீட்டுக்காரன் பார்த்தா நம்மளைக் காலி பண்ணச் சொல்லிடுவானே!"

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். தான் மோக்ஷதாவுக்குச் சொன்ன புத்திமதியையும் மறைக்காமல் சொன்னாள். அவர் வரிசையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, யோசிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். கடைசியில் குடையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எடுத்துண்டு போகட்டும். பெரிய புண்ணியம் பண்ணியிருக்கே," என்றார்.

"புண்ணியம்னு சொல்லாதீங்கோ, எனக்குக் கூசறது," என்றாள் ராஜலக்ஷ்மி. "நான் முற்றம் அலம்பின தண்ணி இல்லாம ஒம்பது பேர் செத்துப் போயிருக்கா. மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கறவாளுக்கு ஆயுசு, அந்தப் பக்கம் இருக்கறவாளுக்கு வாந்திபேதின்னு பெருமாள் எழுதலை. குழாயை எங்கே நிறுத்தறதுன்னு மனுஷா போட்ட கோடு அது. நல்ல தண்ணி நாம போடற பிச்சை இல்லே, அவாளுக்குச் சேர வேண்டிய பாத்தியதை. நான் ஒருத்தி கதவைத் திறந்து வெச்சா, நாளைக்கு நாம வீடு மாறினா திரும்பச் சாத்திடுவா. சந்துக்குள்ளயே அந்தக் குழாய் போகணும். கம்பெனிக்காரன் சணலுக்கெல்லாம் பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல எழுதறேளே, மனுஷ உசுருக்காக இன்னிக்குக் கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு எழுதுங்கோ. அதுல முதல் கையெழுத்து நான் போடறேன்."